முதல் மாடிக் குளியலறையில் தண்ணீர் நூலாக வருகிறது: சுவரை உடைக்கத்தான் வேண்டுமா?

தாம்பரம் மாடிவீடு:

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்தில் 22 ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் கட்டிய வீட்டில் வசிக்கிறோம். மொட்டை மாடியில் மூன்றடி உயரச் செங்கல் தூண்களின் மேல் 1000 லிட்டர் தொட்டி இருக்கிறது. அதிலிருந்து இறங்கும் குழாய்கள் ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள். கீழ்த்தளத்தில் எந்தக் குறையும் இல்லை. முதல் மாடிக் குளியலறையில்தான் ஓராண்டாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது ஷவரைத் திறந்தால் நூல் பிடித்தாற்போல் ஒழுகுகிறது. வெந்நீர்க் குழாய் அதைவிட மோசம். மாடியில் என் தாயார் இருக்கிறார். வயது 71, முழங்கால் வலி வேறு. அவர் குளிப்பதற்காகத் தினமும் கீழிருந்து இரண்டு வாளித் தண்ணீரை நாங்கள் தூக்கிக்கொண்டு ஏறுகிறோம்.

வந்து பார்த்த குழாய்ப்பணியாளர் ஒருவர், ஷவரை ஒரு முறை திறந்து மூடிவிட்டு, உள்ளே எல்லாம் துருப்பிடித்துவிட்டது, சுவரை உடைத்து மொத்தக் குழாயையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார். டைல்ஸ் ஒட்டி ஆறு ஆண்டுகள்தான் ஆகின்றன. உடைப்பதற்கு முன் நாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது ஏதேனும் இருக்கிறதா?

வேளச்சேரி அடுக்ககம்:

எங்கள் மேல்தளத்திலும் இதே தொல்லை இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் சிறிய பிரஷர் பம்ப் ஒன்றைப் பொருத்தினோம். குழாயைத் திறந்தால் தானாக ஓடும், மூடினால் நிற்கும். சுவரைத் தொடாமலேயே அரை நாளில் வேலை முடிந்தது. நீங்களும் அதைச் செய்து பார்க்கலாம்.

திருச்சி குழாய்ப்பணியாளர்:

வேளச்சேரி நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் 30 ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில், தாம்பரம் ஐயா அந்தப் பம்பை இப்போது வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் வீட்டில் தண்ணீர் தொடக்கம் முதலே குறைவாக வரவில்லை. நன்றாக வந்துகொண்டிருந்தது குறைந்திருக்கிறது, அப்படியானால் வழியில் எங்கோ ஏதோ அடைத்திருக்கிறது. அடைப்பை அப்படியே விட்டுவிட்டுப் பின்னாலிருந்து பம்பால் தள்ளினால், இத்தனை ஆண்டுகளாக லேசான அழுத்தத்தில் பிழைத்துக்கொண்டிருந்த பழைய இணைப்புகள் ஒவ்வொன்றாகக் கசியத் தொடங்கும். அப்போது சுவரை உண்மையிலேயே உடைக்க வேண்டிவரும்.

எது அடைத்திருக்கிறது என்று அறிவதற்கு ஒரு 10 லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் போதும். தொட்டி நிரம்பியிருக்கும் நேரத்தில், வீட்டிலுள்ள மற்றக் குழாய்களையெல்லாம் மூடிவிட்டு, ஒவ்வொரு குழாயாக முழுமையாகத் திறந்து, வாளி நிரம்ப எத்தனை வினாடிகள் ஆகின்றன என்று எழுதி வையுங்கள். மொட்டை மாடியில் துணி துவைக்கும் குழாய் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், பிறகு கீழ்த்தளச் சமையலறை, கடைசியில் குளியலறை.

அளப்பதற்கு முன் குளியலறைக் குழாய்களின் முனையிலுள்ள சிறு சல்லடையையும் ஷவரின் தலைப்பகுதியையும் கழற்றிவிடுங்கள். பாதி வீடுகளில் வேலை அங்கேயே முடிந்துவிடும். வெள்ளை உப்பும் மணலும் அதில் அடைத்துக்கொண்டிருக்கும்.

நீர்வழங்கல் பொறியாளர், ஓய்வு:

குழாய்ப்பணி நண்பர் சொன்ன சோதனையை நானும் வழிமொழிகிறேன். அதோடு ஒரு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால்தான் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். தாம்பரம் நண்பரின் தொட்டி மொட்டை மாடித் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஷவரோ முதல் மாடித் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். ஆகவே தொட்டியின் அடிமட்டத்துக்கும் ஷவருக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு இரண்டு மீட்டர் அளவுதான், அழுத்தம் 0.2 கிலோ. கீழ்த்தளத்துக்கு ஒரு தளத்தின் உயரம் கூடுதலாகக் கிடைப்பதால், அங்கே ஓரளவு அடைப்பு இருந்தாலும் வெளியே தெரியாது. மாடியில் அதே அளவு அடைப்பு தண்ணீரை நூலாக்கிவிடும். கீழே நன்றாக வருகிறது என்பதைக் கொண்டு கீழ்த்தளக் குழாய்கள் நல்ல நிலையில் இருப்பதாக முடிவுகட்ட வேண்டாம்.

தாம்பரம் மாடிவீடு:

இன்று காலை அளந்துவிட்டேன். மொட்டை மாடித் துவைக்கும் குழாயில் 40 வினாடிகளில் வாளி நிரம்பியது. கீழ்த்தளச் சமையலறையில் 55 வினாடிகள். முதல் மாடிக் குளியலறையின் கைகழுவும் குழாயில், சல்லடையைக் கழற்றிய பிறகும், 4 நிமிடங்கள். சல்லடையில் கொஞ்சம் மணல் இருந்தது உண்மைதான், ஆனால் அதனால் பெரிய வேறுபாடு இல்லை.

சொல்ல மறந்த செய்தி ஒன்று உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன் டைல்ஸ் ஒட்டியபோது, குளியலறைச் சுவருக்குள் இருந்த இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டு சி.பி.வி.சி. எனப்படும் சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய் பதித்தோம். வெளிச்சுவரில் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் மட்டும் பழைய இரும்பாகவே இருக்கிறது.

திருச்சி குழாய்ப்பணியாளர்:

ஐயா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த டைல்ஸ் பற்றிய கவலையே உங்களுக்கு வந்திருக்காது. சி.பி.வி.சி. துருப்பிடிக்காது. ஆறே ஆண்டுகளில் உட்புறம் அடைத்துக்கொள்வதும் மிக அரிது. தொட்டியில் தண்ணீர் நன்றாக வெளியே வருகிறது என்பதை 40 வினாடி காட்டிவிட்டது. எனவே தொட்டியை விட்டு இறங்கி குளியலறைச் சுவருக்குள் நுழையும் வரை உள்ள வெளிக்குழாயில்தான் குற்றம் இருக்க வேண்டும். அங்கே மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, குளியலறைக் கிளைக்கென்று மொட்டை மாடியில் இருக்கும் கேட் வால்வு. பழைய பித்தளை வால்வுகளில் உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று, பாதி வழியில் விழுந்து நின்றுவிடும். மேலே சக்கரத்தை எவ்வளவு திருகினாலும் அது பாட்டுக்குச் சுற்றும், தகடு அசையாது. திறந்திருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். சக்கரத்தை முழுமையாக மூடிவிட்டு, கீழே ஒருவரைக் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். மூடிய பிறகும் அதே நூல் வந்துகொண்டிருந்தால் வால்வு போய்விட்டது என்று பொருள்.

இரண்டாவது, வால்வை ஒட்டிய இரும்புக் குழாய். பித்தளையும் இரும்பும் தண்ணீருக்குள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சு விரைவில் கரைந்து, இரும்பு அரிக்கத் தொடங்கும். மொத்த லைனில் அந்த ஒரு முழம்தான் முதலில் கெடும். அடுத்து எல்போக்கள், அதாவது குழாய் திரும்பும் இடத்து வளைவு இணைப்புகள்.

மூன்றாவது காற்று. தொட்டியிலிருந்து புறப்படும் குழாய் கைப்பிடிச்சுவரின் மேல் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். அப்படி மேடு தட்டும் இடத்தில் காற்றுக் குமிழ் தங்கிக்கொண்டு தண்ணீரை மறிக்கும். அதற்காகத்தான் வால்வுக்குப் பின்னால் ஒரு காற்றுக் குழாயை, தொட்டியின் மேல்மட்டத்தைவிட உயரமாக நிறுத்தி வாயைத் திறந்துவைப்பது வழக்கம். செலவு மிச்சம் என்று பல வீடுகளில் அதை வைப்பதே இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் ஓராண்டாகச் சிறுகச் சிறுகக் குறைந்ததைப் பார்த்தால் காற்று காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன். காற்று அடைத்தால் தொட்டி காலியாகி மறுபடி நிரம்பிய அன்றே திடீரென்று தெரியும்.

அம்பத்தூர் வாசி:

எங்கள் பகுதியில் குழாய்க்குள் ஆசிட் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துக் கழுவிவிடுகிறார்கள். துரு எல்லாம் கரைந்து வந்துவிடும், செலவும் குறைவு. இன்னொரு வழி, தொட்டியை நம்பாமல் தெருக்குழாய் இணைப்பிலேயே மோட்டாரைப் பொருத்தி நேராக மாடிக்கு ஏற்றிவிடலாம்.

நீர்வழங்கல் பொறியாளர், ஓய்வு:

இரண்டையும் செய்ய வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். அமிலம் துருவை மட்டும் தேடிப்போய்க் கரைப்பதில்லை. எஞ்சியிருக்கும் துத்தநாகப் பூச்சையும் இரும்பையும் சேர்த்தே தின்னும். ஏற்கெனவே மெலிந்த இடத்தில் ஓட்டை விழும். கழுவிய பிறகும் எங்கேனும் தங்கிய அமிலம் குளிக்கும் தண்ணீரில் வரும். 71 வயது அம்மையார் குளிக்கும் குழாயில் இதைச் செய்து பார்ப்பதா?

தெருக்குழாயில் நேராக மோட்டார் வைப்பது விதிகளுக்குப் புறம்பானது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நம் ஊர்களில் குடிநீர்க் குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் நிற்பதில்லை. அழுத்தம் குறைந்த நேரத்தில் மோட்டார் உறிஞ்சும்போது, தண்ணீர் போதாமல் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது. மண்ணுக்கடியில் அந்தக் குழாயில் எங்கே கீறல் இருக்கிறதோ, எங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறதோ, அங்கே சுற்றியுள்ள ஈரத்தை அது உள்ளே இழுக்கும். பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் ஓடினால் இழுப்பது கழிவுநீரைத்தான். நீங்கள் மட்டுமல்ல, அதே தெருவில் மோட்டாரே வைக்காத வீட்டுக் குழந்தையும் அதைக் குடிக்கும். தெருக்குழாய்த் தண்ணீர் தன் போக்கில் சம்ப் எனும் தரையடித் தொட்டியில் விழ வேண்டும், மோட்டார் சம்ப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

வேளச்சேரி அடுக்ககம்:

பொறியாளர் ஐயா சொன்னதோடு எங்கள் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். எங்கள் அடுக்ககத்தில் ஒரே மாதத்தில் மூன்று குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. தெருத் தண்ணீரைத்தான் எல்லோரும் குறை சொன்னோம். கடைசியில் சம்ப்பை இறைத்துப் பார்த்தபோது, கழிவுநீர்த் தொட்டியை ஒட்டிய பக்கத்துச் சுவரில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் இருந்தது. அதன் கீழே சுவரில் கறுப்பாக வழிந்த தடம். டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கழிவுநீர்த் தொட்டியை இடித்துத் தள்ளிக் கட்டினோம், சம்ப்புக்கு உட்புறம் மறுபடி பூசினோம். ஆறு மாதங்களுக்கு ஒரு முறை சம்ப்பைக் காலி செய்து சுவரைப் பார்ப்பது இப்போது சங்கத்தின் கட்டாய வேலை. குழாயில் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்க்கும் நாம், எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

கோவை வாசகி:

இந்த இழையிலேயே என் ஐயத்தையும் கேட்டுவிடுகிறேன், தனி இழை வேண்டாம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் இரவு 10 மணிக்குத் தொட்டியை நிரப்பிவிட்டுப் படுத்தால், காலையில் குறைந்திருக்கிறது. எந்தக் குழாயும் சொட்டவில்லை, எந்தச் சுவரிலும் ஈரம் இல்லை. எங்கே போகிறது என்று தெரியவில்லை. சிறுவாணித் தண்ணீர் வரும் நாட்களில்தான் தொட்டியை நிரப்புகிறோம், இப்படிப் போனால் மனம் பதைக்கிறது.

திருச்சி குழாய்ப்பணியாளர்:

சகோதரி, முதலில் எவ்வளவு போகிறது என்று அளந்துவிடுங்கள். தொட்டியின் குறுக்களவில் பாதியை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, 1000ஆல் வகுத்தால், மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் எத்தனை லிட்டர் என்று கிடைக்கும். குறுக்களவு 110 சென்டிமீட்டர் உள்ள தொட்டியில் அது 9.5 லிட்டர். இரவு ஒரு குச்சியை விட்டு அடையாளம் இடுங்கள், விடிந்ததும் மறுபடி பாருங்கள்.

அதே இரவில் இன்னொன்றும் செய்யுங்கள். கழிவறை ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் பத்துச் சொட்டு விட்டு, அதன் பிறகு யாரும் அதைப் பயன்படுத்தாமல் அரை மணி நேரம் விடுங்கள். பீங்கானில் நீலம் தெரிந்தால், அடியிலுள்ள ரப்பர் சரியாக உட்காரவில்லை, தண்ணீர் ஓசையே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. சுவரில் ஈரம் இல்லாமல் தொட்டி இறங்கும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

யாழ் கிணற்றடி:

வணக்கம். தாம்பரம் அண்ணர் வெந்நீர்க் குழாய் இன்னும் மோசம் என்று தொடக்கத்தில் எழுதியிருந்தார், அதை ஒருவரும் தொடவில்லை. எங்கள் யாழ்ப்பாணம் சுண்ணக்கல் நிலம். நிலையான ஆறு இல்லை, எல்லாம் கிணற்று நீர்தான். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடாக்கியதும் வெள்ளைப் படிவாக வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே குளிர்நீர்க் குழாய் ஓரளவு நன்றாக இருக்கும்போதே வெந்நீர்க் குழாய் அடைபடுவதை எங்கள் வீடுகளில் அடிக்கடி காண்கிறோம். கீசருக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் சிறு வால்வு ஒன்று இருக்கும். அதன் சுருள்வில்லில் படிவு பிடித்துவிட்டால், 0.2 கிலோ அழுத்தத்தால் அதைத் தள்ளித் திறக்க முடியாது. நான் மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீரை அடைத்து, அதைக் கழற்றி ஓர் இரவு முழுவதும் வினாகிரியில் (வினிகர்) ஊறவைப்பேன். காலையில் பழைய பல் தூரிகையால் தேய்த்தால் கல் போன்ற படிவு உதிர்ந்துவிடும். சூட்டையும் 50 பாகைக்கு மேல் வைப்பதில்லை. சூடு கூடக் கூடப் படிவும் கூடும்.

ஒரு எச்சரிக்கை: அந்த வால்வு சில வேளைகளில் சொட்டும். கூடுதல் அழுத்தத்தை வெளியே விடுவதற்கான வழியும் அதிலேயே இருக்கலாம். சொட்டுகிறதே என்று அந்தத் துவாரத்தை அடைத்துவிடக் கூடாது.

நீர்வழங்கல் பொறியாளர், ஓய்வு:

யாழ் நண்பர் மிகச் சரியாகப் பிடித்திருக்கிறார். இந்தியத் தரநிலை 10500 குடிநீரின் மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வரம்பு வைத்து, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் ஒரு முறை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டால், கீசரை எத்தனை மாதங்களுக்கு ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும் என்பது விளங்கிவிடும்.

தாம்பரம் மாடிவீடு:

வால்வு சோதனை செய்தேன். என் மகன் மேலே சக்கரத்தை முழுமையாக மூடினான், நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் மாறவே இல்லை. மூடினாலும் அதே நூல், திறந்தாலும் அதே நூல்.

நேற்று வேறொரு குழாய்ப்பணியாளரை அழைத்து, தொட்டியைக் காலி செய்து, வால்வைக் கழற்றினோம். தகடு கழன்று குறுக்கே சாய்ந்து கிடந்தது, விரலால் தள்ளினால் ஆடியது. அதற்கு அடுத்த எல்போவைத் திருகிக் கழற்றிய போதுதான் நான் திகைத்துப்போனேன். வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் பூசிய நல்ல அரை அங்குலக் குழாய். உள்ளே பழுப்பும் கறுப்புமாகத் துரு கொப்புளம் கொப்புளமாக வளர்ந்து, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துளை மிஞ்சியிருந்தது. தரையில் தட்டியதும் ஒரு கைப்பிடித் துரு கொட்டியது. அங்கிருந்து ஆறடி தள்ளி அறுத்துப் பார்த்தோம், அங்கே குழாய் ஓரளவு சுத்தமாகவே இருக்கிறது. வால்வுக்குப் பக்கத்துக் குழாய்தான் முதலில் கெடும் என்று திருச்சி ஐயா எழுதியது அப்படியே பலித்துவிட்டது.

இப்போது கேள்வி, அந்த ஆறடியை மட்டும் மாற்றலாமா, வெளிக்குழாய் முழுவதையும் மாற்றிவிடலாமா?

திருச்சி குழாய்ப்பணியாளர்:

வெளிக்குழாய் முழுவதையும் மாற்றுங்கள் ஐயா. உடைக்க வேண்டிய சுவர் எதுவும் இல்லை, எல்லாம் கிளாம்பில் நிற்கும் குழாய். இன்று ஆறடி கெட்டது, மூன்று ஆண்டுகளில் அடுத்த ஆறடி கெடும். மாற்றும்போது தொட்டியிலிருந்து சுவர் வரை முக்கால் அங்குலம் போடுங்கள். அழுத்தம் குறைந்த இடத்தில் குழாயின் அகலம்தான் கைகொடுக்கும். வளைவுகளை முடிந்தவரை குறையுங்கள். கேட் வால்வுக்குப் பதிலாக, உள்ளே துளையுள்ள உருண்டை திரும்பும் பால் வால்வு (ball valve) வையுங்கள். கைப்பிடி குழாயோடு ஒரே நேராக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. பார்த்தாலே தெரியும், ஏமாற்றாது. அதை அடுத்துக் காற்றுக் குழாயையும் மறக்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் குழாய்க்கு வெள்ளைப் பெயின்ட் அடிப்பது நல்லது. சாதாரண பி.வி.சி. குழாயை எக்காரணம் கொண்டும் கீசரிலிருந்து வெளிவரும் பக்கத்தில் போட விடாதீர்கள், சூட்டில் இளகிவிடும். அங்கே சி.பி.வி.சி. மட்டும்தான். மரையுள்ள இணைப்புகளில் கசிவைத் தடுக்கச் சுற்றும் டெஃப்லான் டேப்பை மரை திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் முறுக்கும்போது உரிந்து வந்துவிடும், பிறகு கசிகிறது என்று இன்னும் முறுக்குவார்கள், பிளாஸ்டிக் மரை வெடிக்கும். பசை போட்டு ஒட்டிய பிறகு ஒரு நாளாவது தண்ணீர் திறக்காமல் விட்டால் எனக்கு நிம்மதி. அவசரப்பட்டு ஒரு மணி நேரத்தில் திறந்து, இரவில் இணைப்பு கழன்று, மாடி முழுவதும் தண்ணீர் நின்ற வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

கோவை வாசகி:

நீலம் தெரிந்துவிட்டது! அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பீங்கானின் பின்பக்கத்தில் மெல்லிய கோடாக இறங்கியது. இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை தொட்டி மட்டம் 14 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. எங்கள் தொட்டியின் குறுக்களவும் 110 என்பதால் 133 லிட்டர். ஏழு மணி நேரத்தில் இத்தனை போயிருக்கிறது, ஒரு சொட்டுச் சத்தம்கூட எங்கள் காதில் விழவில்லை. கடைக்குப் போய் அதே அளவு ரப்பரை வாங்கிவந்து என் கணவரே மாற்றிவிட்டார். நேற்று இரவு குச்சியில் இட்ட அடையாளம் இன்று காலையிலும் அதே இடத்தில் இருந்தது.

தாம்பரம் மாடிவீடு:

வேலை முடிந்தது. தொட்டியிலிருந்து குளியலறைச் சுவர் வரை முக்கால் அங்குலக் குழாய், புதிய பால் வால்வு, காற்றுக் குழாய். ஒரு டைல்கூட உடையவில்லை. ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுவதும் காத்திருந்து, இன்று காலைதான் திறந்தோம். கைகழுவும் குழாயில் 10 லிட்டர் வாளி 70 வினாடிகளில் நிரம்பியது, முன்பு 240. கீசர் வால்வை யாழ் நண்பர் சொன்னபடி வினிகரில் ஊறவைத்ததில், உளுந்து அளவுக்கு வெள்ளைக் கற்கள் உதிர்ந்தன. வெந்நீரும் இப்போது சீராக வருகிறது. ஷவர் பாய்ந்து அடிக்கவில்லை, இரண்டு மீட்டர் உயரத்துக்கு அது அவ்வளவுதான் என்று பொறியாளர் ஐயாவின் கணக்கைப் படித்த பிறகு புரிகிறது. அம்மாவுக்கு அது போதும். இன்று அவராகவே குழாயைத் திறந்து குளித்தார்.

மொட்டை மாடியில் எந்த வால்வு எந்த லைனுக்கு என்று சுவரில் பெயின்டால் எழுதிவிட்டேன். கழற்றிய எல்போவைத் தூக்கிப் போடவில்லை. கீழ்த்தளக் குழாயும் அதே வயதுதான் என்பதால், அடுத்த மாதம் அந்த வால்வையும் கழற்றிப் பார்க்கப் போகிறேன். அங்கே என்ன இருந்தது என்பதை இதே இழையில் எழுதுகிறேன்.